படச்சுருளும் ஸமாஃ ஏடும்

சென்ற ரமளான் விடுமுறையில் பழைய கிதாபுகளை இளவெயிலில் பரப்பி வைத்துக்கொண்டிருந்தேன். மத்ரஸாவில் முதன்முதலாக ஓதிய 'ஹிதாயத்துந் நஹ்வு' பிரதியைப் புரட்டியபோது, அதன் நடுவிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்று விழுந்தது. சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் அச்சிட்டது. மை பாதி மங்கிவிட்டது, மடிப்புகளில் கிழிசல். மேலே 'அக்ரஹாரத்தில் கழுதை, தமிழ், 1977, இயக்கம்: ஜான் ஆபிரகாம்' என்று இருந்தது. அடுத்துப் பத்துப் பன்னிரண்டு வரிகளில் படத்தைப் பற்றிய அறிமுகம். அடியில் 'திரையிடலுக்குப் பின் கலந்துரையாடல் உண்டு' என்ற குறிப்பு.

1990களின் தொடக்கத்தில் சென்னையில் முதுகலை பயின்ற நாள்களில், மலையாளம் படித்த நண்பர் ஒருவர் என்னை ஒரு திரைப்படச் சங்கத்தின் திரையிடலுக்கு அழைத்துச் சென்றார். மாடியில் சிறு கூடம். பதினாறு மில்லிமீட்டர் படக்கருவி. நாற்பது பேருக்குள் இருந்திருப்போம். வாசலில் ஒரு பதிவேட்டில் பெயரெழுதிக் கையொப்பமிட்டுவிட்டு உள்ளே போகவேண்டும். இத்தாள் அங்கு தரப்பட்டதுதான். முப்பதாண்டுகளுக்கு மேலாக ஓர் இலக்கண நூலுக்குள் அது பத்திரமாக இருந்திருக்கிறது. கூடத்தின் வாசலிலிருந்த அந்தப் பதிவேடு என்னவாயிற்று என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அரபிக் கல்லூரியில் நஹ்வும் ஹதீஸும் போதிப்பவனுக்குத் திரைப்படச் சுருள்களோடு என்ன உறவு என்று இவ்விதழின் வாசகர்கள் கேட்கக்கூடும். படம் பார்ப்பது பற்றிய மார்க்க விவாதத்தினுள் இக்கட்டுரை நுழையவில்லை. அழியக்கூடிய ஒன்றை மனிதர்கள் எவ்வாறு கைக்குக் கை மாற்றிக் காத்தார்கள் என்பதே என் ஆயுட்காலப் படிப்பு. நாங்கள் பட்டம் பெறுவதைக்கூட 'ஸனது வாங்குதல்' என்கிறோம். ஸனது என்பது அறிவிப்பாளர் தொடர். இன்னாரிடம் கேட்டேன், அவர் இன்னாரிடம் கேட்டார் என்னும் சங்கிலி. அப்படிப்பட்ட ஒரு கண்ணோடு தமிழின் மாற்றுத் திரைப்பட ஆவணங்களைப் பார்த்தால் ஒரு குறை உடனே புலப்படுகிறது. அதைச் சொல்வதற்கு முன் 'ஸமாஃ' என்பதை விளக்கவேண்டும்.

முற்கால அரபு உலகில் ஒரு நூலை வைத்திருத்தல் மட்டும் போதாது. தகுதியுள்ள ஒருவர் முன்னிலையில் அது வாசிக்கப்பட, நாம் கேட்டிருக்கவேண்டும். அவ்வாறு வாசித்து முடித்ததும் ஏட்டின் இறுதிப் பக்கத்திலோ ஓரத்திலோ ஒரு குறிப்பு எழுதப்படும். வாசித்தவர் யார், எவர் முன்னிலையில், எந்த ஊரில், எந்த நாளில், கேட்டவர்கள் யார் யார் என்பன அதில் இருக்கும். இதுவே ஸமாஃ குறிப்பு. திமிஷ்கு நகரின் இத்தகைய குறிப்புகளைத் தொகுத்து, ஹிஜ்ரி 550 முதல் 750 வரையிலான இரு நூற்றாண்டுகளுக்கு ஓர் அகராதியே 1996இல் அந்நகரில் வெளியிடப்பட்டது. புரட்டிப் பார்த்தவர்கள் வியப்பர். அறிஞர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? பெண்கள் இருக்கிறார்கள்; அடிமைகள் இருக்கிறார்கள்; குழந்தைகள் வயதோடு குறிக்கப்பட்டிருக்கிறார்கள். தாமதமாக வந்தவர், நடுவில் உறங்கிவிட்டவர், இன்ன பகுதியைத் தவறவிட்டவர் என்று ஒளிவுமறைவின்றி எழுதினார்கள். நூல் ஒன்று, அது கேட்கப்பட்ட வரலாறு மற்றொன்று. இரண்டையும் ஒரே ஏட்டில் கட்டிவைத்தார்கள்.

இனி நம் பகுதிக்கு வருவோம். நான் வாழும் திருத்தணி, 1960 ஏப்ரல் முதல் நாள் வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற எல்லைப் போராட்டத்தின் பயனாக அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதே 1960இல்தான் 'பாதை தெரியுது பார்' என்னும் தமிழ்ப்படம் வெளிவந்தது. அதற்கு இசையமைத்த எம்.பி. சீனிவாசன் சித்தூரில் பிறந்தவர். ஜாலியன்வாலாபாக் வரலாற்றோடு பெயர் பிணைந்த டாக்டர் சைஃபுத்தீன் கிச்லுவின் மருமகன் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. பின்னாளில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்து, நூற்றுக்கணக்கானவர்களை ஒரே குரலாகப் பாடவைத்தவர் அவர்.

அப்படம் முதலாளி ஒருவரின் பணத்தில் உருவானதன்று. இடதுசாரி இயக்கத்தைச் சேர்ந்தவர்களும் நண்பர்களும் கூட்டாக முதலிட்டு, குமரி பிலிம்ஸ் என்ற பெயரில் எடுத்தார்கள். இயக்கியவர் நிமாய் கோஷ். வங்கப் பிரிவினையின் அகதிகளைக் குறித்து 'சின்னமூல்' (1950) என்ற படத்தை எடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்து தங்கியவர். கதை ஆர்.கே. கண்ணன், கதாநாயகன் கே. விஜயன். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கே.சி.எஸ். அருணாசலம், ஜெயகாந்தன் ஆகியோர் பாடல் எழுதினர். தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. கேரளத்தின் ஒடேஸா குழுவினர் மக்களிடம் பணம் திரட்டிப் படமெடுத்ததை இன்று திரைப்பட மாணவர்கள் அனைவரும் பேசுகிறார்கள். அதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் முன்னரே தமிழில் கூட்டுமுயற்சியாக ஒரு படம் எடுக்கப்பட்டது என்பதைச் சொன்னால் வியப்போடு பார்க்கிறார்கள். காரணம் எளிது. ஒடேஸாவின் படத்தைப் பார்க்கமுடியும். 'பாதை தெரியுது பார்' படத்தின் பிரதி எதுவும் எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை.

எஞ்சியிருப்பவை பாடல்கள். ஜெயகாந்தன் எழுதி, பி.பி. ஸ்ரீநிவாஸும் எஸ். ஜானகியும் பாடிய பாடலை வானொலியில் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்றுண்டு. நானும் கேட்டிருக்கிறேன், அது ஒரு படத்தின் பாடல் என்ற எண்ணமே எழாமல் கேட்டிருக்கிறேன். மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு நூல் எழுதினார். உரையாசிரியர்கள் போகிற போக்கில் எடுத்தாண்ட ஓரிரு செய்யுள்களைக் கொண்டே, முழுவதும் அழிந்துபோன நூல்களின் இருப்பை அதில் நிறுவினார். வானொலி இங்கே உரையாசிரியரின் வேலையைச் செய்திருக்கிறது. மூலநூல் போயிற்று, மேற்கோள் நின்றது.

இதில் மற்றொரு முரணும் உண்டு. நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து அறுபதாண்டுகள். ஆகவே 2021 ஜனவரி முதல் நாளன்று இப்படம் பொதுச் சொத்தாயிற்று. யாரும் படியெடுக்கலாம், யாரும் திரையிடலாம். திரையிடுவதற்குத்தான் ஒன்றுமில்லை. நூல்களுக்கேனும் 1954ஆம் ஆண்டுச் சட்டமொன்று உண்டு. வெளியிடுவோர் பொது நூலகங்களுக்குப் படி அனுப்பியாக வேண்டும். திரைப்படங்களுக்கு அத்தகைய கட்டாயம் விதிக்கப்படவில்லை. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கப்பட்டதே 1964இல். நான்காண்டுகள் முந்திப் பிறந்த படம் அது.

படமே இல்லாதபோது படத்தைப் பற்றி எவ்வாறு அறிவது? இவ்விடத்தில் இப்னு நதீம் நினைவுக்கு வருகிறார். பக்தாதில் ஏடுகளைப் படியெடுத்து விற்கும் 'வர்ராக்' தொழிலைச் சேர்ந்தவர். ஹிஜ்ரி 377இல் 'அல் ஃபிஹ்ரிஸ்த்' என்ற மாபெரும் நூற்பட்டியலைத் தொகுத்தார். அதில் குறிக்கப்பட்ட நூல்களில் பெரும்பகுதி இன்று உலகில் இல்லை. ஆயினும் அவை இருந்தன என்பதையும், சிலவற்றுக்கு எத்தனை ஏடுகள் என்பதையும் அவரால் அறிகிறோம். அறிஞர்கள் செய்யாததை ஒரு வணிகர் செய்தார் என்பது கருதத்தக்கது. தமிழ்த் திரையுலகில் அதைச் செய்தவர் ஒரு விளம்பரத் தொடர்பாளர்: ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். 'நாடோடி மன்னன்' (1958) படத்திலிருந்து மக்கள் தொடர்புப் பணியைத் தொடங்கியவர், கைக்கு வந்த புகைப்படத்தையும் செய்தித் துணுக்கையும் வீசாமல் சேர்த்து, 2004இல் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' நூலைத் தந்தார். தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) அழிந்துவிட்டது. அதைப் பற்றி நாம் அறிவதெல்லாம் இதுபோன்ற தாள்களிலிருந்தே: பாட்டுப்புத்தகம், நாளேட்டு விளம்பரம், மதிப்புரை. தியடோர் பாஸ்கரன் 'தி மெஸேஜ் பேரர்ஸ்' (1981) நூலில் விடுதலைப் போராட்டக் காலத் தமிழ்த் திரையின் வரலாற்றை எழுதியபோதும், எஞ்சிய படங்களைவிடக் காகிதங்களையே நம்பவேண்டியிருந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வீட்டில் குவித்துவைத்து, அவர் மறைவுக்குப்பின் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாக மலர்ந்த திரட்டிலும் நாடக, சினிமாப் பாட்டுப்புத்தகங்கள் ஒரு பெரும் பகுதி. ஓரணா விலைக்குத் திரையரங்கு வாசலில் விற்ற சிறு பிரசுரங்கள், பல லட்சம் செலவில் எடுத்த படங்களைவிட நெடுநாள் வாழ்ந்தன.

ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் 2016 மார்ச் 21இல் மறைந்தார். அதே மாதம் 4ஆம் நாள் புனேயில் பி.கே. நாயர் மறைந்திருந்தார். பதினேழு நாள் இடைவெளியில் இருவர். நாயருடைய பணியைப் பற்றி 'செல்லுலாய்ட் மேன்' (2012) என்ற ஆவணப்படத்தைச் சிவேந்திர சிங் துங்கர்பூர் எடுத்திருக்கிறார். இரு தேசிய விருதுகள் பெற்ற படம். அதைப் பற்றி எனக்குப் பாராட்டும் உண்டு, குறையும் உண்டு.

நாயர் 1965இல் உதவிக் காப்பாளராகப் புனே காப்பகத்தில் சேர்ந்து, 1991இல் இயக்குநராக ஓய்வு பெற்றார். அதற்குள் பன்னிரண்டாயிரம் படங்களைச் சேர்த்துவிட்டார். எட்டாயிரம் இந்தியப் படங்கள். பால்கேயின் எஞ்சிய படத்துண்டுகளைத் தேடிப் பிடித்தவர் அவர். 'ஆலம் ஆரா'வைத் தேடி ஆர்தேஷிர் இரானியிடம் போனதையும், சுருள்கள் எங்கோ இருக்குமென்று தந்தை சொல்ல, வெள்ளியைப் பிரித்தெடுக்கத் தாமே அவற்றை விற்றுவிட்டதை மகன் பிறகு தனியே ஒப்புக்கொண்டதையும் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். படச்சுருளில் வெள்ளி உண்டு. பிழைப்புக்கு வழியற்றவருக்கு அது சில்லறை. இருட்டில் கைவிளக்கோடு அமர்ந்து ஒவ்வொரு சுருளாகக் குறிப்பெழுதியவர் நாயர். எந்தக் காட்சி எத்தனையாவது சுருளில் இருக்கிறது என்று மனப்பாடமாகச் சொல்வார். ஹாஃபிளுகளை நினைவூட்டுகிறார்.

குறை என்னவெனில், படம் வளர வளர ஒரு தனிமனிதரின் உருவம் மட்டுமே வளர்ந்துகொண்டு போகிறது. நஸீருத்தீன் ஷா, ஜயா பச்சன், குல்ஸார் எனப் புகழ்பெற்றோர் வந்து அவரைப் போற்றுகிறார்கள். போற்றுதலுக்கு அவர் உரியவரே. ஆனால் ஒருவரது பித்தின் மேல் ஒரு நாட்டின் நினைவு நின்றிருந்தது என்றால், அது மகிழ்வதற்குரிய செய்தியா? அவர் ஓய்வு பெற்ற பிறகு 2003 ஜனவரியில் புனே வளாகத்துக் கிடங்கில் தீப்பற்றி நைட்ரேட் சுருள்கள் எரிந்தன. அவற்றில் பிரபாத் நிறுவனத்துப் பழம் படங்களும் அடக்கம். ஒற்றை அறிவிப்பாளரைக் கொண்ட தொடரை எங்கள் கலையில் 'கரீப்' என்போம். அவர் எவ்வளவு நம்பகமானவராயினும் தொடர் மெலிந்தது என்பதில் மாற்றமில்லை.

அந்த ஆவணப்படத்தில் என் மனத்தில் நின்ற பகுதி வேறு. கர்நாடகத்தின் ஹெக்கோடு கிராமத்துக்குக் கேமரா போகிறது. கே.வி. சுப்பண்ணாவின் நீநாஸம் அமைப்பு 1970களில், புனேயிலிருந்து வரவழைத்த உலகப் படங்களைப் பாக்குத் தோட்டத்து மக்களுக்குத் திரையிட்டது. 'ராஷோமான்', 'பைசைக்கிள் தீவ்ஸ்', 'பதேர் பாஞ்சாலி' போன்றவை. அங்குள்ளவர்கள் அப்படங்களைத் தம் வீட்டுச் செய்தி போல நினைவுகூர்கிறார்கள். இதுவே ஸமாஃ. துங்கர்பூர் அதைக் கண்டார். ஆனால் அங்கே நிற்காமல் மீண்டும் நாயரிடம் திரும்பிவிட்டார். அந்தக் கிராமத்தாரிடம் இன்னும் ஒருமணி நேரம் கேட்டு, யார் எந்தப் படத்தை எந்த ஆண்டில் பார்த்தார், என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று பதிந்திருந்தால் அது தனியொரு காப்பகமாகியிருக்கும்.

மாற்றுத் திரைப்படம் என்பது வணிகத் திரையரங்கில் நூறுநாள் ஓடுவதன்று. ஒரு மாலைப்பொழுதில், ஏதோவொரு வாடகைக் கூடத்தில், முப்பது நாற்பது பேர் பார்ப்பது. பிறகு அது மூட்டை கட்டப்பட்டு அடுத்த ஊருக்குப் போகிறது. சத்யஜித் ராய் தலைமையில் 1959இல் அமைந்த திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு இத்தகைய கூடங்களை நாடெங்கும் இணைத்தது. ஜனரஞ்சகப் படத்துக்கு வசூல் கணக்கு இருக்கும், ரசிகர் மன்றம் இருக்கும், சுவரொட்டி இருக்கும். இங்கே இருந்தவை அறிமுகத் தாள், வருகைப் பதிவேடு, செயலாளரின் கடிதக் கோப்பு, அவ்வப்போது 'நிழல்', 'சலனம்' போன்ற சிற்றிதழ்களில் வந்த கட்டுரை. இவை போனால் பார்க்கப்பட்ட நிகழ்ச்சியே வரலாற்றிலிருந்து போய்விடுகிறது. படம் எங்கோ குளிரூட்டிய அறையில் இருந்தாலும், அது யாரையும் தொட்டதற்குச் சான்றில்லை.

'அக்ரஹாரத்தில் கழுதை' இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 'பாதை தெரியுது பார்' படத்துக்கு நேரெதிரான நிலை அதனுடையது. சுருள் பிழைத்தது, பார்த்த வரலாறு இல்லை. வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுத, ரித்விக் கட்டக்கின் மாணவரான ஜான் ஆபிரகாம் இயக்கினார். பேராசிரியர் நாராயணசாமியாக நடித்தவர் வேறு யாருமல்லர், நம் சித்தூர்க்காரரான எம்.பி. சீனிவாசன்தான். 1977ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. விருது பெற்றும் தமிழகத் திரையரங்குகளில் மக்கள் அதைப் பார்க்கவில்லை. எதிர்ப்பு எழுந்தது, தொலைக்காட்சியில் காட்டுவதாக அறிவித்து, பின் கைவிட்டார்கள். ஒரு தலைமுறை முழுவதும் அப்படத்தைப் பற்றிப் படித்ததே தவிர, பார்த்ததில்லை. பார்த்த சிலர் சங்கக் கூடங்களில் பார்த்தோம்.

கதை எளிது. தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்றைப் பேராசிரியர் எடுத்து வளர்க்கிறார். கேலி பொறுக்காமல் கிராமத்துக்குக் கொண்டுபோய், வாய் பேசாத பெண்ணொருத்தியின் பொறுப்பில் விடுகிறார். ஊரில் நடக்கும் தீமைகளுக்கெல்லாம் அந்த விலங்கின் மேல் பழி விழுகிறது. கொன்றுவிடுகிறார்கள். பிறகு அதே ஊரார் அதனிடம் தெய்வீகத்தைக் கண்டு வழிபாடு நடத்த முனைகிறார்கள். இதனை ஒரு சாதியாரைச் சாடும் படமென்றே அன்று பலர் கொண்டனர். எதிர்த்தவர்களும் அப்படித்தான் கொண்டனர், ஆதரித்தவர்களும் அப்படித்தான். எனக்கு அவ்வாறு படவில்லை. உயிரோடிருக்கையில் விரட்டிவிட்டு, செத்தபின் மண்டையோட்டைத் தேடும் இயல்பிலிருந்து எந்தச் சமயத்தாரும் தம்மை விலக்கிக்கொள்ள இயலாது. ஊமைப்பெண்ணாக வருபவரின் முகத்தை நீண்டநேரம் அசையாமல் காட்டும் இடங்களில் படத்தின் வலிமை இருக்கிறது. ஊராரின் உரையாடல்கள் சில இடங்களில் நாடக மேடையை ஒத்துவிடுகின்றன. இவ்வாறு நான் எழுதுவதை மறுக்கவோ ஏற்கவோ இன்னொருவரின் அக்காலக் குறிப்பு வேண்டும். அது எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு தேசிய விருதுப் படத்தைத் தமிழர் எவ்வாறு பார்த்தார்கள் என்பதற்கு நான் என் நினைவையே சான்றாகக் கூறும் நிலை நல்ல நிலையன்று.

ஜான் ஆபிரகாம் பின்னர் 1984இல் ஒடேஸா குழுவோடு சேர்ந்து, ஊர் ஊராகப் பணம் திரட்டி 'அம்ம அறியான்' (1986) எடுத்தார். அதைத் திரையரங்குக்கு விற்காமல், மக்களிடமே கொண்டுசென்று திரையிட்டார்கள். 1987 மே மாதம் அவர் மறைந்தார். அப்படத்தைக் காப்பதென்றால் எதையெல்லாம் காக்கவேண்டும்? சுருளை மட்டும் காத்தால், யார் ஐந்து ரூபாய் கொடுத்தார், எந்தத் திடலில் திரை கட்டினார்கள் என்பது போய்விடும். அப்படத்தின் பொருளே அதுவல்லவா?

சுருளைக் காப்பதும் எளிதன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். நைட்ரேட் சுருள் எரியும். அதற்குப்பின் வந்த அசிட்டேட் சுருளோ, வெப்பமும் ஈரமும் பட்டால் புளிகாடி நெடி வீசிச் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். ஒரு பெட்டியில் தொடங்கினால் அடுத்த பெட்டிக்கும் பரவும். நம் ஊர்க் கோடையில் வீட்டுப் பரணில் வைத்த சுருள் எத்தனை நாள் நிற்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 2010களில் திரைத்தொழில் எண்முறைக்கு மாறியபோது, படம் கழுவும் கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எண்முறையில் படியெடுத்துவிட்டால் கவலையில்லை என்பாரும் உளர். வன்தட்டு பத்தாண்டு தாங்குமா என்பது ஐயமே. அதைக் காலந்தோறும் புதிய தட்டுக்கு மாற்ற ஓர் ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். புனே காப்பகமே 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. பொறுப்பாளர் மாறும்போதெல்லாம் பொருள் என்னவாகும் என்ற அச்சம் எழுவது இயல்பே.

ஓரிடத்தில் குவித்துவைப்பதன் ஆபத்துக்கு அரபு உலகில் கண்கண்ட சான்று இருக்கிறது. முஸ்தஃபா அபூஅலீ, ஹானீ ஜவ்ஹரிய்யா, சுலாஃபா ஜாதல்லா ஆகியோர் 1968இல் அம்மானில் தொடங்கிய பலஸ்தீனத் திரைப்படப் பிரிவு, பின்னர் பெய்ரூத்தில் தன் படங்களைச் சேர்த்துவைத்தது. ஹானீ 1976இல் படம் பிடித்துக்கொண்டிருக்கையிலேயே கொல்லப்பட்டார். 1982 படையெடுப்பைத் தொடர்ந்து அந்தக் காப்பகமே காணாமற்போயிற்று. எனினும் டோக்கியோவில் பலஸ்தீன ஆதரவாளர்கள் சிலர், தங்களிடம் வந்த இருபது படங்களை வைத்திருந்தார்கள். அவற்றைக் கொண்டு முஹன்னத் யஃகூபி 2022இல் ஒரு படம் செய்தார். 'ஆர் 21' என்ற அதன் பெயர் இருபத்தோராவது சுருள் என்ற பொருளுடையது. திரையிடுவதற்காக அனுப்பிய படிகள்தாம் பிழைத்தன. கையிருப்பிலே காத்தவை போயின, கொடுத்தவை நின்றன. நமக்கு அருகில், இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ கொளுத்தப்பட்டதும் இந்த வரிசையில் சேரும்.

சில வேளை எதிரியும் காவலனாகிவிடுவதுண்டு. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' (1933) ஊமைப்படத்தின் மேல், மூலநாவலின் உரிமை பெற்ற பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. படம் முடக்கப்பட்டது. தயாரிப்பாளருக்குப் பேரிழப்பு. ஆனால் பதிப்பகத்தாரிடம் அடைபட்டுக் கிடந்ததனாலேயே, 1974இல் அது காப்பகத்தின் கைக்கு வந்தது. தென்னிந்திய ஊமைப்படங்களில் முழுமையாக எஞ்சியது அது ஒன்றே. வேலூர்க்காரரான நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த, தென்னகத்தின் முதல் கதைப்படமான 'கீசக வதம்' உட்பட மற்றவையெல்லாம் போய்விட்டன.

இப்போது அந்தப் பதிவேட்டின் கதை. மூன்றாண்டுகளுக்கு முன், நான் பெயரெழுதிய அந்த ஏட்டைத் தேடிச் சென்றேன். சங்கம் எப்போதோ கலைந்துவிட்டது. அதன் செயலாளராயிருந்தவர் காலமாகிவிட்டார். வீட்டார் அன்போடு பேசினார்கள். இரண்டு தகரப் பெட்டி நிறையக் காகிதம் இருந்ததாகவும், வீடு மாறும்போது எடைக்குப் போட்டுவிட்டதாகவும் சொன்னார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். எது ஆவணம் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. செயலாளரும் சொல்லிவைக்கவில்லை. பழைய ஏடுகளில் முதற்பக்கத்திலேயே 'இது இன்ன மத்ரஸாவுக்கு வக்ஃபு. விற்கலாகாது, அன்பளிப்பாகக் கொடுக்கலாகாது, வாரிசுரிமை ஆகாது, படிப்போர்க்கு இரவல் தரப்படும்' என்று எழுதியிருப்பதைக் காணலாம். அந்த ஒற்றை வரியினால், உரிமையாளர் இறந்தபின்னும் குடும்பத்தார்க்கு என்ன செய்யவேண்டும் என்பது தெரிந்தது. திரைப்படச் சங்கங்கள் பதிவு பெற்றவை, கணக்குத் தணிக்கை செய்தவை. இருந்தும் கலைக்கப்பட்டால் காகிதங்கள் எங்கே போகவேண்டும் என்று ஒரு வரி எழுதிவைத்த சங்கத்தை நான் கண்டதில்லை. வாங்கிவைக்க இன்று இடமில்லாமலும் இல்லை. ரோஜா முத்தையா நூலகம் உண்டு. யாழ்ப்பாணத்தாரின் நூலகம் நிறுவனம் 2005 முதல் எண்முறையில் துண்டுப் பிரசுரங்களையும் சேர்க்கிறது. கொண்டுபோய்ச் சேர்க்கும் கைதான் இல்லை.

அன்றைய கூடத்தில் என்னுடன் இருந்தவர்களின் பெயர்களை நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஒன்பது பேர் தேறினர். அவர்களில் இருவரிடம் பேசி, தேதியை உறுதிசெய்ய முயன்றேன். ஒருவர் மழைக்காலம் என்கிறார், மற்றவர் இல்லை என்கிறார். கலந்துரையாடலில் யார் என்ன பேசினார் என்பதை நான் சொல்லமுடியாது. அரக்கோணம் ரயிலைப் பிடித்து, அங்கிருந்து கடைசிப் பேருந்தில் ஊர் சேரவேண்டியிருந்ததால், படம் முடிந்ததும் எழுந்து ஓடிவிட்டேன். திமிஷ்கு எழுத்தர் ஒருவர் அங்கிருந்திருந்தால் என் பெயருக்கெதிரே அதையும் எழுதியிருப்பார்.

'பாதை தெரியுது பார்' படத்தைப் பார்த்தவர்களையும் இப்பகுதியில் தேடிவருகிறேன். 1960இல் பார்த்தவருக்கு இன்று எண்பது வயதை ஒட்டியிருக்கும். இதுவரை ஒருவர் கிடைத்திருக்கிறார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "பாய், நான் அரக்கோணத்துல பார்த்தேன். யூனியன்காரங்க நாங்க ஏழெட்டுப் பேர் சேர்ந்து போனோம்" என்றார். பாடல் மூன்றைப் பிசகில்லாமல் பாடிக் காட்டினார். கதை எப்படி முடிகிறது என்று கேட்டதற்கு ஒரு முடிவைச் சொன்னார். மறுவாரம் கேட்டபோது வேறொன்றைச் சொன்னார். ஹதீஸ் கலையின் அளவுகோலில் அவர் ஆதில், அதாவது நேர்மையாளர். ளாபித் அல்லர், நினைவில் துல்லியம் இல்லை. அவருடன் போன ஏழெட்டுப் பேரில் இன்னும் ஒருவர் புத்தூர்ப் பக்கம் மகளோடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மூத்தவருக்குக் கண்புரை அறுவை முடிந்து கட்டுப் பிரித்ததும், இருவருமாகப் பேருந்தில் அங்கே போய்வருவதென்று பேசிவைத்திருக்கிறோம்.